நரம்பை அளந்த துறவி: மட்டக்களப்பு வாவிக்கரைப் பயணம்

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவிற் புறப்படும் புகைவண்டி, மாகோச் சந்தியில் வடபாதையை விட்டுக் கிழக்கு நோக்கித் திரும்பி, பொலன்னறுவையைக் கடந்து, மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையைத் தாண்டி, வாழைச்சேனையும் ஏறாவூரும் பின்னே விலக, பொழுது புலர்கின்ற நேரத்தில் மட்டக்களப்பை அடைகின்றது. நிலையத்தை விட்டு வெளியே வந்து சிறிது தூரம் நடந்தாற் போதும், எத்திசை நோக்கினும் நீரே கண்ணிற் படும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி, கடலை ஒட்டி வடக்குத் தெற்காகக் கிடந்து, வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு ஒடுங்கிய மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் மேய்ச்சலும் பரந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் இந்நாட்டார் வழங்குவர். இரு கரைகளையும் பிணைப்பன பாலங்களும் தாம்போதிகளும் தோணிகளுமே.

நவீன விஞ்ஞானம் ஐரோப்பாவிற் பிறந்து, வளர்ந்து, கப்பலேறி நம் கரையை அடைந்ததென்றும், நாம் அதனைக் கைநீட்டி வாங்கியவரேயன்றி அதன் ஆக்கத்திற் பங்குகொண்டவரல்லர் என்றும் சொல்லிச் சொல்லி நம் பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். அக்கூற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மறதி என்பதை இவ்வாவிக்கரையில் நின்று சிந்திக்க வேண்டுமென்ற விருப்பமே என்னை இங்கு அழைத்து வந்தது. ஏனெனில், பௌதிக சாஸ்திரத்தைக் கற்று, அதன் முறையைத் தமிழின் மிகப் பழைய கலையொன்றில் முற்றும் செலுத்தி, நூலொன்று செய்து முடித்த ஒரு துறவி பிறந்ததும், பள்ளி நிறுவியதும், அடக்கமானதும் இந்தக் கரையிலேயே ஆகும்.

புளியந்தீவின் ஓரத்திலே, இரு பக்கம் வாவியும் இரு பக்கம் அகழியும் சூழ நிற்கும் கோட்டையை முதலிற் பார்த்தேன். நாற்புறமும் கொத்தளங்களும் தடித்த மதில்களும் உடையதாயினும் அளவிற் சிறியது. போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பிய இதனை, 1638ஆம் ஆண்டு மே மாதத்தில், வெஸ்டர்வோல்ட் என்னும் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு கைப்பற்றினான். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு முதலில் வந்த போர்த்துக்கேயக் கோட்டை இதுவே. மதிலின்மேல் ஏறி நின்று நீரைப் பார்த்தபோது, அந்த ஆண்டுக் கணக்கு என் மனத்தில் வேறொரு நினைவை எழுப்பிற்று.

அதே 1638ஆம் ஆண்டிலே, அதே ஒல்லாந்து தேசத்தின் லைடன் நகரத்தில், எல்செவியர் அச்சகத்தார் ஒரு நூலை வெளியிட்டனர். அதனை எழுதிய கலிலியோ அப்போது எழுபத்து நான்கு வயதினர். இரு கண்களும் பார்வை இழந்து, திருச்சபையின் தண்டனைக்கு உட்பட்டு, புளோரன்ஸ் நகரையடுத்த ஆர்செத்திரி என்னும் ஊரில் வீட்டுக் காவலில் இருந்தவர். இத்தாலியில் அச்சேற முடியாத அந்நூலின் கையெழுத்துப் பிரதி மலைகளையும் தேசங்களையும் கடந்து லைடனை அடைந்தது. இரண்டு புதிய விஞ்ஞானங்களைப் பற்றிய உரையாடலாக அமைந்த அந்நூலில், பொருள்களின் வலிமையும் அவற்றின் இயக்கமும் ஆராயப்படுகின்றன. நவீன பௌதிகத்தின் அடித்தளம் அதுவே என அறிஞர் கொள்வர். ஒரு கையால் நம் கோட்டையைப் பிடித்த தேசம், மற்றொரு கையால் அந்நூலை உலகுக்கு அளித்தது. முன்னையதை வரலாற்றுப் பாடத்தில் படிக்கின்றோம்; பின்னையதை இக்கோட்டையோடு சேர்த்து நினைப்பார் அரியர்.

அந்நூலின் முதல் நாள் உரையாடல், தொங்கும் குண்டின் ஊசலாட்டத்திற் தொடங்கிய ஒரு விசாரணையை, வாத்தியத்தின் நரம்பிலே கொண்டுபோய் முடிக்கின்றது. அதற்குக் காரணம் உண்டு. கலிலியோவின் தந்தையாகிய வின்சென்சோ கலிலி, லூட் என்னும் நரம்புக் கருவியை வாசித்தவர், இசை நூல் வல்லார். ஒரே நீளமும் ஒரே பருமனும் உடைய இரு நரம்புகளில், ஒன்றில் தொங்கும் பாரத்தை மற்றதினும் இரு மடங்காக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்று, பைதாகரஸ் பெயரால் ஈராயிரம் ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்ததை, எவரும் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாரில்லை. வின்சென்சோ பார்த்தார். இரு மடங்கு போதாது, நான்கு மடங்கு பாரம் வேண்டும் என்று கண்டு 1589இல் எழுதினார். நூலிற் சொன்னதைக் காதாற் சோதிக்கத் துணிந்த அந்தத் தந்தையின் வீட்டிலேதான், கண்ணால் வானத்தைச் சோதிக்கத் துணிந்த மகன் வளர்ந்தான். பின்னர் 1636இல், மெர்சென் என்னும் துறவி பாரிஸ் நகரிலிருந்து எழுதிய பெருநூலில், நரம்பின் நீளம், இழுவிசை, பருமன் என்னும் மூன்றுக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பை விதியாக வகுத்துக் கூறினார். கண்ணால் எண்ணத்தக்க அளவுக்கு அசைவு மெதுவாகும்படி மிக நீண்ட நரம்புகளைக் கட்டி, அதிர்வுகளை எண்ணிக் கணக்கிட்டவர் அவர். நவீன விஞ்ஞானம் தொலைநோக்கியிலே பிறந்தது என்பது அரை உண்மை. மற்றைப் பாதி நரம்பிலே பிறந்தது. நரம்போ நமக்குப் புதியதன்று.

கோட்டையினின்று சிறு தொலைவிலேயே இந்நகரின் பழைய கலாசாலைகள் இருக்கின்றன. 1814இல் மெதடிஸ்த பாதிரியாராகிய வில்லியம் ஓல்ட் இங்கு வந்து தொடங்கிய கல்விப்பணி இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியாகவும், 1873இல் தொடங்கிய கத்தோலிக்கப் பள்ளி புனித மிக்கேல் கல்லூரியாகவும் வளர்ந்துள்ளன. காரைதீவிற் சாமித்தம்பி, கண்ணம்மை என்போருக்கு மகனாக 1892இற் பிறந்த மயில்வாகனன், கல்முனையிற் கற்றபின் இந்தப் புனித மிக்கேல் கல்லூரியிற் சேர்ந்து, 1908இல், பதினாறாம் வயதிலேயே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். ஆசிரியப் பயிற்சிக்குப் பின் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916இல் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராயிருந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமை ஆசிரியராகவும் விளங்கினார். இரசாயனக் குடுவையும் சங்க இலக்கியமும் ஒரே மேசையில் இருந்த இளமை அது. 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்த மயில்வாகனன், 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று துறவு பெற்று சுவாமி விபுலாநந்தர் ஆயினார்.

மறுநாட் காலை, அவர் பிறந்த ஊரைக் காணத் தெற்கே சென்றேன். கல்லடிப் பாலத்தைத் தாண்டி, காத்தான்குடியும் ஆரையம்பதியும் களுவாஞ்சிகுடியும் கல்லாறும் மருதமுனையும் கல்முனையும் ஒன்றையொன்று தொட்டு நிற்க, இடையறாது செல்லும் அக்கடற்கரை வீதி, ஒரு பக்கம் தென்னையும் மறு பக்கம் வாவி நீருமாக நம்மோடு வருகின்றது. கோவில் மணியும் பள்ளிவாசலின் பாங்கோசையும் ஒரு கல் தொலைவுக்குள் மாறி மாறிக் கேட்கும் நாடு இது. காரைதீவின் நடுவே கண்ணகியம்மன் கோவில் உள்ளது. வைகாசி மாதத்தில் இப்பிரதேசமெங்கும் கண்ணகிக்குத் திருக்குளிர்த்தி நிகழும். அவள் கதையைக் கூறும் வழக்குரை கோவில்களிற் பாடப்படும். புலவர் ஏடுகளில் மட்டும் கண்ணகியைக் காணும் நாடுகளிற் பிறந்தவருக்குச் சிலப்பதிகாரம் ஒரு காப்பியம். கண்ணகியை ஆண்டுதோறும் வீட்டுத் தெய்வமாக அழைக்கும் ஊரிற் பிறந்த சிறுவனுக்கு அது தாய்வீட்டுச் செய்தி. அச்சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே, பிற்காலத்தில் விபுலாநந்தரின் பெருநூலுக்கு வித்தாயிற்று என்பதை இக்கோவில் முற்றத்தில் நின்று எண்ணும்போது, ஆராய்ச்சி என்பது நூலகத்தில் மட்டும் தொடங்குவதன்று என்ற உண்மை விளங்குகின்றது.

அவர் செய்த தொண்டுகளில், விஞ்ஞானத்தைத் தமிழிற் பேசவைத்த தொண்டு ஒன்றையாவது இங்கே குறிப்பிடாமற் செல்ல இயலாது. 1934இற் சென்னையில் தொடங்கிய கலைச்சொல்லாக்க முயற்சியில் அவர் முன்னின்றார். 1936இல் பச்சையப்பன் கல்லூரியிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரநூல், விலங்குநூல் முதலிய துறைகளுக்கு வகுத்த சொற்கள் 1938இல் நூலாக வெளிவந்தன. தமிழிற் பௌதிகம் கற்பிக்க முடியுமா என்று கற்றோரே ஐயுற்றிருந்த காலத்தில், பௌதிகம் கற்பித்த ஆசிரியரே அதற்கு விடையளித்தார்.

மாலை கல்லடிக்குத் திரும்பினேன். மானிங் சீமாட்டியின் பெயர் பூண்ட பழைய இரும்புப் பாலமும், அதன் அருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் வாவியின் குறுக்கே நிற்கின்றன. பாலத்தைக் கடந்தவுடன் வரும் உப்போடையிலே, 1929இல் சுவாமிகள் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் இருக்கின்றது. அதன் அருகே அவரது சமாதி. வித்தியாலயத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டுக் கூட்டமாகச் செல்லும் வழியிலேயே சமாதி இருப்பது மிகப் பொருத்தமாகத் தோன்றிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர், இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தியவர், இறுதியில் இம்மணலிலே அடங்கினார்.

அவருடைய யாழ் நூல், பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் பயனாக, கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் வாயிலாக 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோவிலில் அரங்கேறியது. அவர் கணித்தபடி அமைத்த இசைக்கருவிகள் அங்கே இசைத்துக் காட்டப்பட்டன. அடுத்த மாதம், ஜூலை 19ஆம் நாள், அவர் கொழும்பில் உயிர் நீத்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என்று இலக்கியங்களிற் பெயர் மட்டும் எஞ்சி, கருவி முற்றாக மறைந்துபோன ஒரு கலையை மீட்க, அவர் கையாண்ட முறையே இங்கு நமக்கு முக்கியம். யாழின் பெருமையைப் புகழ்ந்து பாடுதல் எளிது, அவர் அளந்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்குப் பழந்தமிழர் வகுத்த இருபத்திரண்டு அலகுகளை எடுத்துக்கொண்டு, அவற்றை நரம்பின் நீளத்துக்கும் அதிர்வுக்கும் உரிய விகிதங்களாக மாற்றினார். ஒரு நரம்பின் முழு நீளம் குரலாயின், அதில் மூன்றில் இரண்டு பங்கு இளியாகும். நான்கில் மூன்று பங்கு உழையாகும். சரிபாதி, மேல் ஸ்தாயியின் குரலாகும். நான்காம் நரம்பை நட்பு என்றும் ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும் நம் முன்னோர் உறவு கூறி வைத்தது, செவி கண்ட இந்த விகிதங்களையே.

குரலிலிருந்து இளி, அந்த இளியைக் குரலாக்கி மீண்டும் இளி என்று பன்னிரண்டு முறை ஏறிச் செல்வோமானால், ஏழு ஸ்தாயிகள் கடந்து தொடங்கிய குரலையே அடையவேண்டுமென மனம் எதிர்பார்க்கும். கணக்கோ வேறு விடை சொல்லும். ஏழு ஸ்தாயி 128 மடங்கு. பன்னிரண்டு இளியோ ஏறத்தாழ 129.7 மடங்கு. அந்தச் சிறு மிச்சத்தை எங்கே வைப்பது என்னும் கேள்வியே, கிரேக்கர் முதல் இன்றுவரை உலகின் இசைநூலார் அனைவரையும் அலைக்கழித்து வந்துள்ளது. இத்தகைய கேள்விகளைச் சிலப்பதிகாரத்தின் அடிகளோடும் அடியார்க்குநல்லாரின் உரையோடும் ஒருசேர நிறுத்தி, சொல்லுக்குச் சொல்லும் எண்ணுக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்தவர் விபுலாநந்தர். உரையாசிரியர் கூற்றாயினும் கணக்கோடு ஒவ்வாவிடின் மீண்டும் ஆராய்வது அவர் மரபு. வின்சென்சோ பைதாகரஸின் பெயருக்கு அஞ்சாது பாரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்ததும் இதே மனப்பான்மையாலன்றோ! பாரிஸில் ஒரு துறவி தொடங்கிவைத்த அளவையை, மூன்று நூற்றாண்டுகளின் பின், கல்லடியின் துறவி தமிழ் யாழிலே செலுத்தினார்.

அவர் தனியரும் அல்லர். 1888இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்கு முன்னரே, மிருதங்கத்தையும் வீணையையும் பௌதிகக் கண்கொண்டு நோக்கினார். வெறுந்தோல் இறுகக் கட்டிய முரசின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையா. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இடும் கருங்களிம்பு, அத்தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, நரம்பினுடையவை போன்று இசைந்த மேற்சுரங்களைத் தரச்செய்கின்றது என்று 1920இல் அவர் வெளியிட்டார். பெயர் தெரியாத நம் தச்சரும் தோற்கருவி வினைஞரும் செவியாற் கண்டு கைவழிப் பேணிய பௌதிகம் அது. மூத்தவர் இராமனும் இளையவர் விபுலாநந்தரும் ஒரே தலைமுறையினர் என்பதை நம் பாடநூல்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்றிரவு நிலவு இருந்தது. பாடுமீன்களின் ஊர் என்று மட்டக்களப்புக்குப் புகழ் தந்த ஒலியைக் கேட்கும் விருப்பத்தோடு, முதிய தோணிக்காரர் ஒருவரோடு கல்லடியில் தோணியேறினேன். “மோட்டர் வள்ளம் ஓடுற நேரம் ஒண்டும் கேக்காது, மகன். காத்து அடங்கட்டும். சத்தம் போடாம இரிங்க” என்றார் அவர். காற்று அடங்கியபின், துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறு முனையில் காதை வைக்கச் சொன்னார். மெல்லியதாய், இடைவிட்டு, நரம்பு ஒன்று எங்கோ தொலைவில் அதிர்வது போன்றதோர் ஒலி மரத்தின் வழியே வந்தது. “என்ன ஐயா பாடுது?” என்று கேட்டேன். “எங்கட ஆக்கள் ஊரி எண்டுதான் சொல்லுவினம், மீன் எண்டு சொல்றவங்களும் இரிக்காங்க” என்று அவர் அமைதியாக விடை கூறினார்.

இதே நீரில், 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், நிலவெழுந்த இரவொன்றில், இவ்வூர் மீனவரோடு தோணியிற் சென்றார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலாற் தேய்க்கும்போது எழுவது போன்ற ஒலியைக் கேட்டதாகவும், தோணியின் மரத்திற் காதை வைத்தபோது அது மிகுந்ததாகவும், வேறிடம் சென்றபோது மறைந்து, முன்னைய இடத்துக்குத் திரும்பியவுடன் மீண்டும் கேட்டதாகவும் அவர் எழுதியுள்ளார். ஒலி ஓரிடத்தில் உறைவது, நீரின் அடியிலிருந்து வருவது என்று அவர் தெளிந்தது இந்தச் சோதனையினாலேயே. மீனவர் காட்டிய ஊரி என்னும் நத்தைகளை அவர் எடுத்து ஆராய்ந்தார். கடல்வாழ் மெல்லுடலி ஒன்று நீரில் ஒலியெழுப்புவதை எடின்பரோவில் கிராண்ட் என்னும் அறிஞர் கண்டதையும் துணைக்கு அழைத்தார். அந்தக் கிராண்ட், இளமாணவனாயிருந்த சார்ல்ஸ் டார்வினுக்குக் கடலுயிர்களை ஆராயக் கற்பித்தவர். கலிலியோவின் 1638ஆம் ஆண்டு நூலிலும் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வருகின்றது: அதனை நீரினுள் நிறுத்தி விளிம்பைத் தேய்த்தால், ஒலியோடு கூடவே சுற்றிலும் ஒரே அளவான சிற்றலைகள் எழும் என்றும், ஒலி ஒரு ஸ்தாயி உயர்ந்தவுடன் ஒவ்வோர் அலையும் இரண்டாகப் பிரியும் என்றும் அவர் கூறுகின்றார். காதால் மட்டும் அறிந்த சுருதியைக் கண்ணாற் காணச் செய்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று.

1950களில், புனித மிக்கேல் கல்லூரியைச் சார்ந்த இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார் இவ்வொலியைப் பதிவு செய்ய, அது வானொலியில் ஒலிபரப்பாயிற்று. வேறிடங்களில் இத்தகைய புதிர்கள் தெளிந்துள்ளன. அமெரிக்காவின் சோசலீட்டோத் துறையில், படகு வீடுகளில் வாழ்ந்தோரை இரவெல்லாம் உறங்கவிடாது இரைந்த ஒலிக்கு, இணையை அழைக்கும் ஆண் தேரைமீன் வகையொன்றே காரணமென்று 1980களில் தெளிவாயிற்று. காற்றுப் பையைச் சூழ்ந்த தசைகளை நொடிக்கு ஏறத்தாழ நூறு தடவை அதிரச் செய்து அம்மீன்கள் ஒலியெழுப்புகின்றன. நீருள் ஆழ்த்தும் ஒலிவாங்கியொன்றும் பொறுமையுள்ள செவியும் இருந்தாற் போதும். இவ்வாவியின் பாடகர் யாரென்பதை இவ்வூர் மாணவரே நிறுவலாம்.

விஞ்ஞானத்தின் முன்னோடிகள் என்போர், பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு உரியவராகப் பிறந்தவரல்லர். லூட் வாசித்த தந்தை, வீட்டுக் காவலிலிருந்த மகன், மடத்து அறையில் நரம்பிழுத்த துறவி, காரைதீவின் ஆசிரியர் ஆகிய யாவரும் கைக்கெட்டிய பொருளையே எடுத்து, சொல்லப்பட்டதைச் சோதித்து, எண்ணால் எழுதினர். அந்தப் பண்பு எத்தேசத்தின் தனிச்சொத்தும் அன்று. ஆகவே, கிழக்கிலங்கையிலும் தமிழகத்திலும் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இது: யாழ் நூலைத் தமிழ்ப் பண்டிதருக்கு மட்டும் உரியதென்று அலமாரியிற் பூட்டி வையாதீர்கள். ஒரு பலகையில் ஒரு கம்பியைக் கட்டி, மூன்றில் இரண்டு பங்கிற் குதிரையை நிறுத்தி, இளி பிறக்கின்றதா என்று உங்கள் மாணவர் தம் காதாற் கேட்கட்டும். பாரத்தை நான்கு மடங்காக்கி, ஸ்தாயி உயர்கின்றதா என்று தம் கையால் அறியட்டும். அதன்பின் கலிலியோவின் பெயரையும் விபுலாநந்தரின் பெயரையும் ஒரே பாடத்தில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.